வலுவும் பொருத்தமும்

பழம்பொருட்களின்மீது பற்றுவைப்பது பிற்போக்கின் அடையாளம் என்று கருதும் நண்பர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்கள் கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட இசைக்கருவிகளை வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி, அவற்றின் விலையைச் சொல்லி மகிழும் கூட்டமொன்று உலகெங்கும் இருக்கின்றது. அக்கூட்டத்தாருக்கு இசையும் வேண்டாம். கருவியைச் செய்த தொழிலாளியின் நினைவும் வேண்டாம். கிடைத்தற்கரிய பொருளுக்குத் தாம் உடைமையாளர் என்ற பெருமிதம் ஒன்றே போதும். ஆயினும், அவர்கள் அவற்றை அலுமாரியிற் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதற்காக, அப்பொருட்களுக்குள் உறையும் அறிவையும் நாம் அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா? இக்கேள்வி எங்கள் ஊர் வாசிகசாலையில் அண்மையில் எழுந்தது. அதன் வரலாற்றைச் சொல்வது நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படலாம் என நம்புகிறேன்.

வாசிகசாலையில் பழைய ஒலிக்கருவி ஒன்று உண்டு. பாடநூல் அதனை ‘விரியலாக்கி’ என்னும். திருத்தகத்தில் அதன் பெயர் அம்பிளிபயர். ‘லீக் ஸ்ரீரியோ 20’ என்ற இவ்வகை 1958 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. இரு புறத்துக்கும் தலா 10 உவாற்று அளவான வலு. ‘ஈ.எல். 84’ எனப்படும் வால்வுகள் நான்கு அந்த வலுவைத் தருகின்றன. இங்கிலாந்திற் பொறியியல் கற்று மீண்ட எங்கள் ஊரவர் ஒருவர் அதனைக் கொண்டுவந்தார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஊரே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பாயிற் சுற்றிப் பரணில் விட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது வீட்டின் கதவுகளும் யன்னல்களும் போயிருந்தன; பாரமான இந்த இரும்புப் பெட்டியைச் சுமக்க மாத்திரம் எவருக்கும் மனம் வரவில்லைப் போலும். அவர் காலமானபின் அவருடைய மகள் அதனை வாசிகசாலைக்குக் கொடுத்தார். பின்னர், கொழும்பில் வேலைபார்க்கும் அன்பர் ஒருவர் பழைய சாமான் கடையொன்றிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டை அனுப்பிவைத்தார். எழுபதுகளிற் செய்யப்பட்டவை, பெயர்த்தகடு உரிந்துபோனவை. இவ்விரண்டையும் பொருத்தி ஞாயிறு மாலைகளில் இசை கேட்க வகை செய்யுமாறு நிருவாகசபை என்னைக் கேட்டது. பௌதிகம் படிப்பிப்பவன் என்பதே எனக்கிருந்த தகுதி.

உண்மையான தகுதியுடையவர் வேறொருவர். அயலூரில் வானொலி திருத்தும் அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நாங்கள் அவரை ‘அண்ணை’ என்போம். அவர் என்னை ‘மாஸ்ரர்’ என்பார். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் இறுக்கப்பட்டிருந்த காலத்தில், எரிந்த நிலைமாற்றிகளைத் தன் கையாலேயே மீளச் சுற்றிப் பழகியவர். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லாமல், பற்றறியும் தடைசெய்யப்பட்டிருந்தபோது, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்க ஊருக்கு வழிசெய்து கொடுத்தவர்களுள் ஒருவர். எந்தப் பட்டமும் அவர் பெயருக்குப் பின்னால் இல்லை.

வேலை தொடங்கிய அன்று மாணவர்கள் பலர் கூடினர். அவர்களின் முதற் கேள்வி, “சேர், இது எத்தனை உவாற்று?” என்பதுதான். பத்து என்றதும் முகங்கள் வாடின. தங்கள் வீட்டிலுள்ள பிளாஸ்ரிக் பெட்டியின் முகப்பில் ஆயிரம் உவாற்று என்று அச்சிட்டிருக்கிறது என்றான் ஒருவன். அப்பெட்டியைக் கொண்டுவரச் செய்து பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். சுவரிலிருந்து அது பெறும் மின்வலு 40 உவாற்று என்று அங்கே சிறிய எழுத்தில் இருந்தது. நாற்பதை வாங்கி ஆயிரத்தைத் தொடர்ந்து கொடுக்கும் இயந்திரம் உலகில் இல்லை. சக்திக் காப்பு விதி அதற்கு இடந்தராது. கணப்பொழுதில் எழுந்து மறையும் உச்சமொன்றைக் கற்பனையாகக் கணித்து ‘பி.எம்.பி.ஓ.’ என்று பெயரிட்டு விற்பது விளம்பரக்காரரின் தந்திரம். முகப்பிலுள்ள இலக்கம் வாங்குபவனை மயக்குவதற்கு; பின்புறத்திலுள்ள இலக்கமே சட்டத்துக்கு. இந்தப் பாடத்தைப் பெட்டிகளுக்கு மட்டும் உரியதென மாணவர்கள் எண்ணவில்லை என்பது அவர்களின் சிரிப்பிலிருந்து தெரிந்தது.

அப்படியானால் 10 உவாற்று காணுமா? இதற்கு விடை அம்பிளிபயரில் இல்லை. அதனோடு சேரும் பெட்டியில் இருக்கிறது. ஒரு உவாற்று கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு ஒலி எழுகிறது என்பதே பெட்டியின் உணர்திறன். கோயில் திருவிழாக்களில் மரத்திற் கட்டும் குழாய் ஒலிபெருக்கி 105 தெசிபெல்லையும் எட்டவல்லது. ஆகவேதான் சிறிய அம்பிளிபயரே ஓர் ஊரை எழுப்பிவிடுகிறது. எங்கள் பெட்டிகளோ காற்றுப்புகாதபடி மூடப்பட்ட சிறிய வகை. 1954 இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் எட்கார் வில்ச்சூர் என்ற ஆசிரியர் தம் மாணவர் ஹென்றி குளொஸ் என்பவரோடு சேர்ந்து அறிமுகப்படுத்திய முறை அது. அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலியைப் பெற்றார்கள். அதற்கு விலையாக உணர்திறனைக் குறைத்துக்கொண்டார்கள். உணர்திறன் தெரிந்த வேறொரு பெட்டியோடு மாறிமாறி ஒலிக்கச் செய்து ஒப்பிட்டதில், எங்களுடையவை ஏறத்தாழ 86 தெசிபெல் எனக் கண்டோம்.

பிறகு கரும்பலகையிற் கணக்குப் போட்டோம். வலு பத்து மடங்கானால் 10 தெசிபெல் கூடும். ஆகவே 10 உவாற்றுக்கு 96. வெட்டவெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் 6 தெசிபெல் குறையும். நான்கு மீற்றரில் 84. பெட்டிகள் இரண்டாதலால் 3 கூட்டினால் 87. நாம் இருந்து பேசும் பேச்சொலி ஏறத்தாழ 60 தெசிபெல். சுவர்கள் திருப்பித் தரும் ஒலி இதற்கு மேலதிகம். 20 உவாற்றுக் கருவி வாங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயம் வெறும் 3 தெசிபெல். அண்ணை கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாஸ்ரர், திருவிழாவுக்கு இது காணாது. இருந்து கேட்கிற சனத்துக்குக் காணும்.”

அடுத்தது தடங்கல். பெட்டியின் சுருளைக் கருவியால் அளந்தால் 6 ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. அது நேரோட்டத் தடை. பெட்டியை 8 ஓம் வகையெனக் கொள்ளலாம் என்பதற்கு அறிகுறி. இசையோ ஆடலோட்டம். எனவே, பெறுமதி தெரிந்த தடையொன்றைத் தொடரில் இணைத்து, கைத்தொலைபேசியிலிருந்து பல மீடிறன்களைக் கொடுத்து மாணவர்களே அளந்து வரைபு வரைந்தார்கள். ஓரிடத்தில் 30 ஓமை அண்மித்தது. வேறோரிடத்தில் 7 ஆக இறங்கியது. ‘8 ஓம்’ என்பது ஒரு மலைத்தொடரின் உயரத்தை ஒரே இலக்கத்திற் சொல்வது போன்றது என்பதை அவர்கள் தம் கையாலேயே அறிந்தார்கள்.

வால்வு விரும்பும் சுமை இதிலும் மிக உயர்ந்தது. ஈ.எல். 84 வால்வுகள் சோடியாக வேலைசெய்யும்போது ஏறத்தாழ 8000 ஓம் வேண்டும். எண்ணாயிரத்துக்கும் எட்டுக்கும் இடையில் நின்று இணக்கம் செய்வது வெளியீட்டு நிலைமாற்றி. தடங்கல் விகிதம் சுற்றுகளின் விகிதத்தினது வர்க்கம். ஆயிரத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 31.6. அவ்வளவே இரகசியம். இதனாலேயே இக்கருவியில் 4, 8, 16 ஓம் என மூன்று தெரிவுகள் வைக்கப்பட்டன. எட்டு ஓம் பெட்டியை 16 ஓமுக்கான தெரிவிற் கொழுவினால் வால்வுகள் 4000 ஓமையே காணும். வேலை கடுமையாகித் திரிபு கூடும். பெட்டியே கொழுவாமல் வால்வுக் கருவியை உரத்து இயக்கினால் நிலைமாற்றியில் எழும் அழுத்தம் அதனையே அழித்துவிடக்கூடும். திரான்சிற்றர் கருவிக்கோ பெட்டி இல்லாதிருப்பது பொருட்டல்ல. கம்பிகள் முட்டுவதே ஆபத்து. ஒன்றின் பாதுகாப்பு மற்றதன் கேடு.

நம்மூரில் ‘பொருத்தம்’ என்றதும் நினைவுக்கு வருபவை சாதகக் கட்டும் சீதனப் பேச்சும். இருவரின் இயல்பை எவரும் விசாரிப்பதில்லை. கிரகங்களையும் காணி உறுதியையும் விசாரிக்கிறார்கள். பழங்கருவி வாங்கும் கனவான்களும் அவ்வாறே பெயர்த்தகட்டையும் விலையையும் பார்த்துச் சோடி சேர்க்கிறார்கள். பெயரற்ற எங்கள் பெட்டிகள் எங்களுக்கு ஒரு நன்மை செய்தன; நம்புவதற்குத் தகடு இல்லாதபடியால் அளந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அரை நூற்றாண்டு கடந்த எந்தக் கருவியிலும் ஒடுக்கிகள் தளர்ந்திருக்கும். அண்ணை அவற்றை மாற்றினார். பின்னர் பழைய இழை மின்குமிழொன்றைத் தொடரில் இணைத்து முதன்முறையாக மின்னோட்டம் கொடுத்தார். குமிழ் பிரகாசமாக எரிந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று; ஒருகணம் எரிந்து மங்கினால் நலம். மங்கியது. உள்ளே 300 உவோற்றுக்கு மேல் உண்டு; நிறுத்திய பின்னரும் ஒடுக்கிகளில் ஏற்றம் தங்கும். “ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கோ” என்று பிள்ளைகளை அதட்டினார். இரு கைகளும் உள்ளே சென்றால் மின்னோட்டம் நெஞ்சினூடாகப் பாயும் என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கடைசிச் சோதனை செவிக்கு. 1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவொன்றை ஒலிக்கச் செய்தோம். 8 ஓம் தெரிவில் வலந்தலையின் விரலடி தெளிவாகக் கேட்டது. தொப்பியில் விழும் கழியடி மட்டும் சற்று இழுபட்டது. அண்ணை 4 ஓம் தெரிவுக்கு மாற்றினார். தொப்பி இறுகியது, அடி விழுந்த இடத்திலேயே நின்றது. வலுவிற் சிறிது குறைந்தது. பெட்டியின் அசைவைத் தணிக்கும் ஆற்றல் கூடியது. எங்கள் அறைக்கு அதுவே பொருத்தம் என்று மாணவர்கள் வாக்களித்தார்கள். அளவை வாசல்வரை கொண்டுசென்றது. உள்ளே புகுந்தது செவி.

இந்நிலையில்தான் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். அவர் சொன்ன விலை ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். நிருவாகசபையிலுள்ள இளைஞர் ஒருவர், விற்றுவிட்டுக் கணினி வாங்குவோம் என்றார். அவருடைய வாதத்தை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். வீட்டிற் கணினி இல்லாத பிள்ளைகளே எங்கள் வாசிகசாலைக்கு வருகிறார்கள். பசித்தவனுக்கு முன்னால் இசையைப் புகழ்வது அறமன்று.

நான் சபையில் எடுத்துரைத்தது வேறு. 1947 ஏப்ரிலிலும் மேயிலும் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் டி. ரி. என். வில்லியம்சன் என்ற பொறியியலாளர் தரமான அம்பிளிபயர் ஒன்றின் அமைப்பை முழுமையாக வெளியிட்டார். 15 உவாற்று, திரிபு நூற்றில் பத்தில் ஒரு பங்கு. சுற்றுப்படம், நிலைமாற்றியின் விபரம் எதையும் மறைக்கவில்லை. பல நாடுகளில் சாதாரண ஊழியரும் மாணவரும் அதனைத் தம் மேசையிலேயே செய்துகொண்டார்கள். பிராட்போட்டில் துணி வியாபாரத்திலிருந்து வந்து 1932 இல் ‘வோர்ப்டேல்’ நிறுவனத்தைத் தொடங்கிய கில்பேட் பிரிக்ஸ், ஒலிபெருக்கி பற்றிப் பாமரருக்கும் விளங்கும் நூல்களை எழுதினார். இக்கருவிகள் ஒருகாலத்திற் பொதுவறிவின் விளைச்சல்கள். பின்னரே அவை கனவான்களின் அணிகலன்களாயின. வால்வுக்குள் நுண்ணிய கம்பிகளைக் கோத்தவர்களிற் பெரும்பாலோர் தொழிற்சாலைப் பெண்கள். அவர்களின் பெயர்கள் எந்தத் தகட்டிலும் இல்லை. ஈ.எல். 84 வால்வு இன்றும் ரஷ்யாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனாவிலும் உற்பத்தியாகின்றது. ஆகவே கருவியை இயக்கத்தில் வைத்திருக்க முடியும். அண்ணையின் கைக்கு மாற்று எங்கும் உற்பத்தியாவதில்லை.

நீண்ட விவாதத்தின்பின் சபை ஒரு முடிவுக்கு வந்தது. கருவியை ஓராண்டுக்கு விற்பதில்லை. ஞாயிறு காலைகளில் அண்ணை மாணவர்களுக்குத் திருத்தும் தொழிலைக் கற்பிக்க வேண்டும். அதற்கு வாசிகசாலை அவருக்கு வேதனம் கொடுக்க வேண்டும். ஊரவரின் பழுதான மின்விசிறிகளையும் வானொலிகளையும் திருத்தி வரும் பணம் கணினி நிதிக்குச் சேர வேண்டும். விற்கச் சொன்ன இளைஞரே அந்நிதிக்குப் பொருளாளர். வகுப்பில் இப்போது பதினொரு பேர், நால்வர் பெண்கள். ஓராண்டின் முடிவில் வாசிகசாலை எதனை விற்கும், எதனை வைத்திருக்கும் என்பதை அவர்களும் இருந்து தீர்மானிப்பார்கள்.

இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் இத்தகைய அண்ணை ஒருவர் இருப்பார். அவர் கடையின் பலகைக் கதவு நாளுக்கு நாள் பிந்தியே திறக்கும். பழங்கருவி கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. அவர் சொல்வதை எழுதிக்கொள்ள நான்கு மாணவர்களை அவரிடம் அனுப்புங்கள். அனுப்புவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.