வட்டமேசையின் விளிம்பு

'வட்டமேசை' என்ற சொல்லை எனது பத்திரிகை வாழ்வில் எத்தனை தலைப்புகளில் இட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவையெல்லாம் மாநாடுகள். மரத்தாலான ஒரு வட்டமேசையைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அக்கடனை இன்று தீர்த்துவிடுகிறேன்.

அமிர்தகழியில் உள்ள எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய தேக்குமேசை ஒன்று இருந்தது. விட்டம் நான்கடி. பலகைகளை இணைத்து வட்டமாக அறுத்து, சுற்றிவரத் தடித்த மரவிளிம்பு பூட்டியது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரையைக் கொண்டுபோனபோது நானும் தங்கையும் அதன் கீழேதான் ஒடுங்கியிருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. மறுநாள் மேசை நின்றது, விளிம்பு பிளந்திருந்தது. அப்பா ஆணியடித்தார். அடுத்த மாரியில் மீண்டும் பிளந்தது. அவர் மறையும்வரை அந்த ஆணியடிப்பு ஆண்டுதோறும் நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நல்ல மாரிக்காலத்தில், மாமாங்கக் குளத்துக்கு அப்பாலிருந்து வயது முதிர்ந்த ஓடாவி ஒருவரை அழைத்துவந்தேன். புதிய விளிம்பு போடவேண்டும் என்றேன். அவர் நாடாவை எடுத்து மேசையை இரண்டு திசைகளிலும் அளந்தார்.

"தம்பி, இது வட்டமில்ல. நீங்களே பாருங்க."

மரத்தின் நார் ஓடும் திசையில் நான்கடி சரியாக இருந்தது. அதற்குக் குறுக்கே கால் அங்குலம் கூட.

"மாரியில ஊதும், மறுகா கோடையில சுருங்கும். அதக் கட்டிப்போட ஏலா. உங்கட அப்பா ஆணிய மாத்தினார், பலகைய மாத்தல்ல."

வாவியோரத்து ஈரக்காற்றில் மரம் நெடுக்கே அசைவதில்லை, குறுக்கே அசையும். விளிம்பின் நாரோ சுற்றிவர நெடுக்காக ஓடுவதால் அது நீண்டு கொடுக்காது. உள்ளே ஊதும் பலகை அதைத் தள்ளிப் பிளக்கும். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவூட் அவ்வாறு ஊதாது. ஆகவே நடுவே பிளைவூட், மேலே தேக்கு வெனியர், சுற்றிவர அடுக்கு விளிம்பு என்று அவர் முடிவுசெய்தார். விளிம்புக்கு மரம்? அப்பாவின் பலகையையே மரக்காலையில் கீற்றுகளாக அறுக்கலாம் என்றார்.

நான் இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. எங்களைக் காத்த பலகை அது. இறுதியில் கொடுத்தேன். பாதிக்குமேல் அறுப்புத்தூளாகவே போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதாக இருக்கவில்லை.

கீற்றுகள் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. அரை அங்குல மரத்தை ஒரேயடியாக வளைத்தால் வெளிப்புற நார் முறியும். மெல்லிய கீற்று கைக்கு இணங்கும். தேக்கு எண்ணெய் மரமாதலால் ஒவ்வொன்றையும் தின்னரால் துடைத்தார். "துடைக்காட்டிப் பசை பிடியாது." நான்கடி விட்டத்துக்குச் சுற்றளவு பன்னிரண்டரை அடிக்குச் சற்று மேல், ஒரு சுற்றுக்கு நான்கு கீற்றுகள். ஓர் அடுக்கின் பொருத்து முந்திய அடுக்கின் பொருத்தின்மீது விழாதபடி தள்ளித்தள்ளி வைத்தார். பசை பூசியபின் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி இழுத்திழுத்துச் சுற்றினார். நாளுக்கு ஓர் அடுக்கு, ஆறு நாள். கடைசி அடுக்கில் மட்டும் முனைகளைச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தார். பொருத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

பின்னர் வாசித்தறிந்தேன்: ஜேர்மனியரான மிக்கேல் தோனெற் 1830களில் இவ்வாறே மெல்லிய கீற்றுகளைப் பசையில் கொதிக்கவைத்து வளைத்துக் கதிரை செய்தவர். ஈரப்பதன் மிகுந்த தேசங்களுக்குப் போன கதிரைகளில் விலங்குப் பசை இளகி அடுக்குகள் கழன்றன. அதன் பின்னரே அவர் முழுமரத்தை நீராவியில் வளைக்கும் முறைக்கு மாறி, 1856இல் அதற்கு உரிமம் பெற்றார். நம்முடையதைப் போன்ற ஈரக்காற்றுத்தான் அவரையும் திருத்தியிருக்கிறது. இன்று நீரைத் தாங்கும் பசை உண்டு. எங்கள் ஓடாவி அதைத்தான் வாங்கச் சொன்னார்.

மேசைக்கு இது மூன்றாவது மாரி. காலையில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இன்றும் நகம் எங்கும் நுழையவில்லை. அப்பா அடித்த ஆணிகளில் ஒன்றை மட்டும் எறியாமல் வைத்திருக்கிறேன்.