பஞ்சகுலாவில் ஒரு பகற்பொழுது

அம்பாலா இரயில்வே குடியிருப்பில் வாழும் எங்களைப் போன்ற எழுத்தர் குடும்பங்களுக்குத் தோட்டம் என்பது வாசலருகே நிற்கும் நாலைந்து தொட்டிகள்தாம். சென்ற ஆண்டு அவற்றோடு பீப்பாய்க் கள்ளி ஒன்றும் சேர்ந்தது. உருண்டை உடல், அதைச் சுற்றிப் பொன்னிற முட்கள். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் தாயார், காலையில் துளசிக்கு நீர் வார்க்கையில் அதற்கும் ஒரு செம்பு வார்த்துவந்தார். மழைக்காலத்தில் ஒருநாள் பார்த்தால், செடி அடிப்பாகம் குழைந்து ஒருபுறமாய்ச் சாய்ந்து கிடந்தது. "என் கைராசி இந்த ஊருக்கு ஒத்துவரவில்லை" என்ற தாயார், அன்றுமுதல் தொட்டிகளின் பக்கமே போகாமல், ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தரும்படி கேட்கலானார். எங்களுக்கு அது பெருங்கவலையாயிற்று.

ஆகவே, ஒரு ஞாயிறன்று அவரையும் அழைத்துக்கொண்டு சண்டிகருக்கு வண்டி ஏறினோம். அந்நகரை ஒட்டியுள்ள பஞ்சகுலாவில், கள்ளிகளுக்கென்றே 1987இல் அமைக்கப்பட்ட தேசியத் தோட்டம் ஏறத்தாழ 7 ஏக்கர் பரப்பில் விளங்குகிறது. உள்ளே நுழைந்ததும் தாயார் கேட்ட முதற் கேள்வி, "கள்ளி என்றால் கிள்ளினால் பால் வர வேண்டுமே?" என்பது. நம் வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் பால் உள்ளவை. அவை வேறு குலம். பீப்பாய்க் கள்ளியோ சப்பாத்திக்கள்ளியைப் போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பொன்முள் வகைக்குத் தாயகம் மெக்சிகோ. அதனை ஆங்கிலத்தில் 'மாமியார் மெத்தை' என்று அழைப்பதுண்டு என்றபோது, மாமியாரும் மருமகளும் சேர்ந்தே நகைத்தனர்.

1990களில் அந்நாட்டில் எழுந்த சிமப்பான் அணையின் நீர்த்தேக்கம் அச்செடி வாழ்ந்த மலைச்சரிவுகள் பலவற்றை மூழ்கடித்ததையும் சொன்னோம். பிறந்த மண்ணில் அருகிப்போன அது, பிற நாட்டுத் தொட்டிகளில் பெருகி வாழ்கிறது. "அங்கும் நீரால்தான் கேடா!" என்று தாயார் வியந்தார்.

அங்கிருந்த தோட்டக்காரர் ஒருவர் பொறுமையோடு விளக்கினார். செடியின் மடிப்புகள் நீர் கிடைக்கும்போது விரிந்து, வறட்சியில் சுருங்குமாம். அடியில் துளையுள்ள மண்தொட்டியில், பருமணலும் சிறுகற்களும் தாராளமாய்க் கலந்த மண்ணே ஏற்றதாம். மண் அடிவரை உலர்ந்த பின்னரே நீர் விட வேண்டும். பனிக்காலத்தில் ஏறக்குறைய நிறுத்திவிடலாம், மழையில் நனையவிடலாகாது. தொட்டி மாற்றினால் ஒரு வாரம் கழித்தே நீர் வார்ப்பது நலம். "அம்மா, பலர் வீட்டிலும் இச்செடி மடிவது அன்பினால்தான்" என்று அவர் இந்தியில் சொன்னதை எங்கள் இல்லாள் தமிழில் கூறினாள். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "வேலியில் நின்றால் நானும் விட்டிருப்பேன். தொட்டியில் வைத்தபின் வீட்டுப்பிள்ளை அல்லவா?" என்றார்.

திரும்பும் வழியில் கைக்கடங்கிய கன்று ஒன்று வாங்கினோம். முள் தைக்காதிருக்கச் செய்தித்தாளில் சுற்றி, தாயாரே மடியில் வைத்துக்கொண்டார். இப்போது ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் செருகி, ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டுமே நீர் விடுகிறார். துளசிக்கும் பழையபடி நாள்தோறும் நீர் கிடைக்கிறது. பயணச்சீட்டுப் பேச்சு எழுவதில்லை.

இக்கள்ளி பூக்கப் பல்லாண்டுகள் செல்லும். அதற்குள் எங்களுக்கு எத்தனை ஊர் மாற்றலோ! தாயாரிடம் சொன்னோம். "தொட்டிதானே, கூடவே வரட்டும். நான் காணாவிட்டால் பேத்தி காண்பாள்" என்றார்.