கள் இறங்கும் இடம் கண்டோம்

மதுவின் கேட்டைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே பலர் உளர். அது எவ்வாறு உண்டாகிறது, அதை உண்டாக்குபவர் யார், அவர்தம் வாழ்வு எத்தகையது என்பவற்றை நேரிற் கண்டறிந்தவர் மிகச் சிலரே. ஒரு பொருளை ஒழிக்க விரும்பினும், திருத்த விரும்பினும், முதற்கண் அதனை அறிதல் வேண்டும். ஆதலின், விடுமுறையில் மோட்டார் வண்டியில் வடக்கு நோக்கிச் சென்ற நாங்கள், வழியில் கள்ளிறக்கும் தோப்பொன்றைப் பார்த்து வருவதென முடிவு செய்தோம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் மூவருள் மதுவருந்துவோர் எவருமிலர்.

கிள்ளானை விட்டுக் கடற்கரைச் சாலையிற் செல்வோர்க்குக் கோலசிலாங்கூரைக் கடந்ததும் காட்சி மாறும். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கங்களில் இருமருங்கும் நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. சபாக் பெர்ணத்துக்கு அப்பால் பெர்ணம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக் மாநிலம். ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து மேற்கே திரும்பினால், தென்னைக்குப் பேர்பெற்ற பாகான் டத்தோ வட்டாரம். அங்கே சாலையோரத் தோப்பொன்றில், அரசாங்க உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிட்டு மாட்டியிருந்த சிறு கொட்டகையின் முன் வண்டியை நிறுத்தினோம்.

தோப்புக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். நாங்கள் வந்த நோக்கத்தைச் சொன்னதும், “குடிக்க வருகிறவர்கள் உண்டு, குறை சொல்ல வருகிறவர்களும் உண்டு. பார்க்க வந்தவர்கள் நீங்கள்தாம், தம்பி” என்று நகைத்துக்கொண்டே எழுந்தார். மாலை இறக்கும் நேரமாதலால், இடுப்பில் பாளை சீவும் கத்தியைச் செருகிக்கொண்டு, எங்கள் கண்முன்னே மரமேறினார்.

அவர் விளக்கியவற்றின் சுருக்கம் இது. விரியாத இளம்பாளையைத் தேர்ந்து, நாரினால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் பக்குவமாகத் தட்டவேண்டும். கை சற்றுக் கடினமாகப் பட்டால் பாளை கெடும். மெத்தனமாகப் பட்டால் சாறு ஊறாது. சில நாள் சென்றபின் நுனியைச் சீவி, பாளையை மெல்ல வளைத்துக் கலயம் கட்டவேண்டும். பின்னர்க் காலையும் மாலையும் ஏறி, மெல்லிய இழையாகச் சீவிச் சாற்றை இறக்கவேண்டும். ஒரு பாளை ஏறத்தாழ ஒரு மாதம் சாறு தரும். அம்மாதத்தில் மழையென்றும் காய்ச்சலென்றும் ஏறாதிருக்க இயலாது. சாற்றுக்கு விட்ட பாளையில் காய்கள் கிடையா என்பதையும் நினைவிற் கொள்க.

பாளையிலிருந்து சொட்டும் நீர் தூய இனிப்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராகவே நிற்கும்; காய்ச்சினால் வெல்லமாகும்; மலாய்க்காரர் செய்யும் கூலா மலாக்காவும் பனைவகை மரங்களின் இத்தகைய சாற்றினின்றே பிறக்கின்றது. சுண்ணாம்பு இடாவிடின், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சில மணி நேரத்தில் அதைப் பொங்கச் செய்யும். அப்போது அதில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்குவரை மதுச்சத்து ஏறும். பீர் வடிப்போர் வாற்கோதுமையை முளைகட்டிக் காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்து, வாரக்கணக்கிற் காத்திருந்து பெறுவதை இம்மரம் ஒரே பகலிற் கொடுத்துவிடுகிறது. மறுநாள் கள் புளிக்கும். மேலும் வைத்திருந்தால் காடியாகும். ஒரே சாறு வெல்லமாவதும் வெறியாவதும் சிறிது சுண்ணாம்பினால் அமைவது கண்டு வியந்தோம்.

கொட்டகைச் சுவரில் ‘கடன் இல்லை’ என்று கரியால் எழுதியிருந்தது. காரணம் வினவினோம். “கடன் கொடுத்தால் அடுத்த மாதச் சம்பளத்தையும் இன்றைக்கே குடித்துவிடுவான், தம்பி. அவன் வீட்டம்மா வந்து என் முன்னால் நின்றால் நான் என்ன பதில் சொல்வது?” என்றார். இரண்டு மங்குக்கு மேல் எவருக்கும் ஊற்றுவதில்லை என்றும் சொன்னார். அவர் மகன் பினாங்கில் வேலை பார்க்கிறான். தந்தையின் தொழிலைப் பிறரிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாம். இதைச் சொன்னபோது பெரியவர் எங்களைப் பாராமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அக்கூச்சம் எங்கிருந்து வந்தது? மரமேறும் தொழிலாளரைக் கோயிலுக்குள்ளும் புகவிடாது தடுத்த சாதிக்கொடுமை தமிழ்நாட்டில் இருந்தது. அவர் இறக்கிய கள்ளைக் குடித்தவனும் அவரைத் தாழ்ந்தவரென்றான். கடல் கடந்து வந்தபின்னும் அவ்வழுக்கு முற்றும் நீங்கவில்லை.

கள்ளினால் நம்மவர் பட்ட துன்பத்தை நாங்கள் மறந்து பேசுகின்றோம் என எவரும் எண்ணவேண்டா. வெள்ளையர் ஆட்சியில் தோட்டங்களிலேயே கள்ளுக்கடை நடத்த அரசாங்கம் அனுமதித்தது. பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பேர் கொடுத்து, பகலெல்லாம் பால் வெட்டியவன் பெற்ற கூலி, லயத்தை அடையுமுன் கடையிற் கரைந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலையும் கோரினர். அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். 1947-இல் பீடோங்கில் போலீசாரோடு நேர்ந்த மோதலில் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அவர்கள் எதிர்த்தது உழைப்பவனின் கூலியை விழுங்கும் ஏற்பாட்டை.

அவ்வேற்பாடு கலயத்தோடு மட்டும் பிணைந்ததன்று. கள்ளுக்கடைகள் அருகிய தோட்டங்களில் சம்சு புகுந்தது. அது கள்ளினும் பன்மடங்கு கடியது, மலிவானது, எங்கே, எவரால், எதைக் கலந்து செய்யப்பட்டதென்று குடிப்பவன் அறியான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவை அருந்தி 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் பிழைப்புக்காக இந்நாட்டுக்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளர். ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

ஆகவே, சீர்திருத்தம் விரும்புவோர் இரண்டினைப் பிரித்துக் காணுதல் வேண்டும். மரமேறுபவரின் கைத்திறன் ஒன்று; சம்பள நாளில் வாயிலில் காத்திருக்கும் கடன் கணக்கு மற்றொன்று. முன்னது போற்றற்குரியது. பதநீர், வெல்லம், காடி ஆகியவற்றுக்கு நல்ல விலை கிடைக்குமாயின், அத்தொழிலாளர் வெறியை நம்பி வாழவேண்டுவதில்லை. நம் சங்கங்கள் விழாக்களில் சர்க்கரை நீரை வழங்குவதற்குப் பதிலாகப் பதநீரை வாங்கி வழங்கலாம். அத்திறனை இளைஞர் கற்க வழி செய்யலாம். பின்னதை ஒழிக்க மேடைப் பேச்சு போதாது. சம்பளம் வீடு போய்ச் சேரவேண்டும். மாலைப்பொழுதில் உழைத்துக் களைத்தவன் சென்று அமர ஒரு படிப்பகமோ, பந்தாடும் இடமோ தோட்டந்தோறும் இருக்கவேண்டும்.

மதுவை வெறுப்போம், மரமேறி உழைப்பவரை வெறுக்க நமக்கு உரிமையில்லை. தந்தையின் தொழிலை ஒரு மகன் தலைநிமிர்ந்து சொல்லும் நாள் வருமாயின், அதுவும் சீர்திருத்தமே.