உடையவில்லை, வளைந்திருந்தது

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 1:8–11



இந்த வாரத் தியானத்தை ஒரு கார்ப் பட்டறையிலிருந்து தொடங்குகிறேன். இயந்திரங்களில் நாட்டமில்லாதவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சபை வாலிபர் ஒருவர் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கிறார். தமது பழைய 1.5 லிட்டர் பெட்ரோல் காருக்கு டர்போ பொருத்தி ஓட்டிவந்தார். சென்ற மாதம் நான் அங்கே போனபோது என்ஜின் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. நான்கு கனெக்டிங் ராடுகளையும் கண்ணாடிப் பலகையின்மேல் வரிசையாக வைத்திருந்தார். மூன்று ராடுகள் பலகையோடு படிந்து கிடந்தன. ஒன்றன் நடுவில் மட்டும் மெல்லிய இடைவெளி தெரிந்தது.

"உடைஞ்சிருச்சா தம்பி?" என்றேன்.

"உடையலைங்க ஐயா. வளைஞ்சிருக்கு. இதோடதான் ரெண்டு மாசமா ஓட்டிட்டு இருந்திருக்கேன்."

பிஸ்டன் மேல்கீழாக ஓடுகிறது, கிராங்க் சுழல்கிறது. இரண்டையும் இணைத்து, வெடிப்பின் விசை முழுவதையும் தாங்குவது இந்த ராடு. அந்த வண்டியின் சிலிண்டர் விட்டம் 75 மி.மீ.; அதாவது பிஸ்டன் தலையின் பரப்பு ஏறத்தாழ 44 சதுர சென்டிமீட்டர். சாதாரண என்ஜினில் எரிப்பின் உச்ச அழுத்தம் 60 பார் என்று கொண்டால், ஒவ்வொரு வெடிப்பிலும் ராடின்மேல் இரண்டரை டன்னுக்கு மேல் இறங்குகிறது. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளியபின் அதே அழுத்தம் 90 பாரை எட்டினால், சுமை நான்கு டன். தயாரிப்பாளர் முதல் கணக்குக்குத்தான், அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, அந்த ராடை வார்த்திருந்தார். அவர்மேல் குற்றமில்லை.

"எத்தனை குதிரைத்திறன் தாங்கும்னு எல்லாரும் கேக்குறாங்க. கேள்வியே தப்புங்க ஐயா" என்றார் தம்பி. ராடை வளைப்பது டார்க் என்றார். வேகம் கூடும்போது பிஸ்டனின் சொந்த எடையே வெடிப்புக்கு எதிராகச் சற்று இழுத்து, ராடின்மேல் இறங்கும் அமுக்கத்தைக் குறைக்கிறது. குறைந்த சுழற்சியில் அந்த உதவி இல்லை. பெரிய கியரில் மெதுவாக ஏறும்போது, முழு பூஸ்டும் வந்து நிற்கையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், வெடிப்பின் விசை அப்படியே ராடின்மேல் விழுகிறது. எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கும் 'நாக்கிங்' சேர்ந்தால் இன்னும் மோசம். உயர் சுழற்சியில் ஆபத்து வேறு வகையானது. அங்கே ராடு அமுங்குவதில்லை, இழுபடுகிறது. அந்த இழுவிசை சுழற்சியின் இருமடியாக உயரும். 6000-லிருந்து 7500-க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அப்போது முதலில் சோதிக்கப்படுவன ராடின் போல்ட்டுகள்.

அமுக்கப்படும் தண்டு எப்போது வளையும் என்ற கணக்கை 1744-இல் எழுதியவர் ஆய்லர். நீண்டு மெலிந்த தண்டுகளுக்கான கணக்கு அது. குட்டையான ராடுக்கு அப்படியே பொருந்தாது, பொறியாளர்கள் திருத்திக்கொள்வார்கள். ஆய்லர் சுவிட்சர்லாந்தில் ஒரு போதகரின் மகன் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

"ரெண்டு மாசமா உனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

தெரியவில்லையாம். சத்தமில்லை, புகையில்லை, வண்டி ஓடியது. இழுவை மட்டும் சற்றுக் குறைந்தது போலிருக்கவே கம்ப்ரஷன் பார்த்திருக்கிறார். மூன்று சிலிண்டர்கள் 180 காட்ட, ஒன்று மட்டும் 150. வால்விலோ ரிங்கிலோ கசிவு என்று நினைத்துக் காற்றடைத்துச் சோதித்தால் கசிவே இல்லை. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. ராடு வளைந்ததால் குட்டையாகிவிட்டது. பிஸ்டன் தான் ஏறவேண்டிய உயரத்துக்கு ஏறவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

பிரியமானவர்களே, அந்த ஒன்றரை மில்லிமீட்டர் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

நம் சபையில் ஒரு சகோதரி இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியக் கணக்கு ஆகிய எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்திருந்தேன். வீட்டில் படுக்கையிலிருக்கும் மாமியார். பகலில் பள்ளி ஆசிரியை வேலை. எதையும் அவர் மறுத்ததில்லை, தாமதித்ததும் இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருநாள் ஆராதனை முடிந்து, "ஐயா, முடியலைங்க" என்றார். நான் 1 கொரிந்தியர் 10:13-ஐ நினைவூட்டி, தாங்கக்கூடியதற்கு மேல் தேவன் தரமாட்டார் என்று சொல்லி, ஜெபித்து அனுப்பினேன். அடுத்த வாரம் கிறிஸ்துமஸ் நாடகத்தையும் அவரிடமே ஒப்படைத்தேன்.

அந்த வசனத்தின் சுற்றுவட்டத்தை வாசித்துப் பாருங்கள். பவுல் அங்கே பேசுவது பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றி; வேலைப்பளுவைப் பற்றியல்ல. பாரத்தைப் பற்றி அவர் பேசும் இடம் இன்றைய தியானப் பகுதி. ஆசியாவில் தமக்கு நேர்ந்த உபத்திரவம் தம் பலத்தைக் கடந்து அழுத்தியதையும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டதையும் அவர் ஒளிக்கவில்லை. அதைச் சொன்னவர் அப்போஸ்தலன்! பதினோராம் வசனத்தில் அதே கொரிந்து சபையாரின் ஜெப உதவியையும் குறிப்பிடுகிறார். இந்தப் பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் சகோதரி என் முன் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை. அவர்மேல் அந்தப் பாரத்தை ஏற்றியவன் நான். தேவனுடைய பெயரைச் சொல்லி ஏற்றினேன்.

மோசேயின் சோர்வை எத்திரோ ஒரே நாளில் கண்டுகொண்டான். நான் ஆறு ஆண்டுகள் பார்த்தும் காணவில்லை. வேலை நடந்துகொண்டிருந்ததே, அதுதான் காரணம்.

மறுநாள் மாலை நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க ஐயா" என்றார். அவருடைய வழக்கமான பதில். ஓய்வுநாள் பள்ளிப் பதிவேட்டையும் ஐக்கியக் கணக்குப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொடுக்கும்போது, "அப்புறம் யாருங்க ஐயா பார்ப்பாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. என் மனைவி உள்ளே போய் அவருடைய மாமியாரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். இவர் எங்களுக்குக் காப்பி போட எழுந்தபோதும் நான்தான், "உட்காருங்கம்மா" என்றேன்.

தம்பியின் காருக்கு ஃபோர்ஜ்டு ராடுகள் இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும் தாழ்ந்த சுழற்சியில் பூஸ்டைக் குறைத்தே வைக்கப்போவதாகச் சொல்கிறார்.

பதிவேடு என் மேசையில் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள் தேவை. கணக்கு எழுத ஒருவர் வேண்டும். நம் சபையைச் சேர்ந்த வாசகர்கள் வரும் ஞாயிறு காலை ஆராதனைக்குப்பின் என்னை வந்து பாருங்கள். ஒருவருக்கு ஒரு பொறுப்புதான் தருவேன்.