வரப்பைக் காக்கும் கை

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, ‘தாழ்வான பகுதி’ என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாழ்வை அளந்து சொல்பவர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதைக் காட்ட நண்பர் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. வரிசையாகக் கணினிகள்.

விமானத்திலிருந்து நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தரையின் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். இதுதான் லைடார். தென்னை எது, லாரி எது, தரை எது என்று லேசருக்குத் தெரியாது. குறுக்கே பறந்த கொக்குகூட ஒரு புள்ளிதான். மென்பொருள் பிரித்தது போக மிச்சத்தை மனிதக் கைதான் திருத்த வேண்டும்; அது நடப்பது இந்த அறையில்தான்.

எனக்கு வேலையைக் காட்டிய பெண்ணுக்கு மதுராந்தகம் பக்கத்து ஊர். அவர் தாத்தா ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியாக இருந்தவர். திரையில் ஒரு வயல்வெளி. பலாப்பழத்தை வகிர்வதுபோல நிலத்தை வெட்டிப் பக்கவாட்டில் காட்டினார். சுற்றிலும் 12 மீட்டர்; நடுவில் ஓரிடம் மட்டும் 15.

“வைக்கோல்போர் சார். தரைன்னு நினைச்சு விட்டுட்டா இங்க ஒரு குன்று நிக்கும்.”

புள்ளிகளை நீக்கினார். அந்த வெற்றிடம் பக்கத்து உயரங்களால் நிரம்பியது.

அடுத்து வழவழப்பாக்கும் வேலை. ஒரு மீட்டர்க் கட்டங்களில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பதை எடுத்து, உயரங்களை வரிசைப்படுத்தி, ஐந்தாவதை நடுக்கட்டத்துக்குக் கொடுக்கிறது ஒரு வடிப்பான். தனியே துருத்தும் முள் மறைந்துவிடும். ஆனால் ஒரு மீட்டர் அகல வரப்புக்கு அந்த ஒன்பதில் மூன்று கட்டம்தான். மற்ற ஆறும் வயல். முள்ளோடு வரப்பும் போய்விடும். கணினியில் வெள்ளத்தை ஓடவிட்டால், வரப்பு தடுக்கவேண்டிய தண்ணீர் தடையில்லாமல் பாயும்.

அதனால் அவர் முதலில் வரப்பு, கரை நெடுகக் கோடு இழுக்கிறார். அந்தக் கோட்டை வடிப்பான் தொடாது. பாலம் இதற்கு நேர்மாறு: அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றுக்குக் குறுக்கே அணையாக நிற்கும். எதை விடுவது, எதை எடுப்பது என்பதைச் சேறு மிதித்த கால் அறியும்.

கூலி சதுர கிலோமீட்டர்க் கணக்கு. வெட்டவெளிக்கும் சீமைக்கருவேலங் காட்டுக்கும் ஒரே விலை. வேலை கொடுப்பவருக்கும் இந்த அறைக்கும் நடுவே இரண்டு இடைத்தரகுக் கைகள். ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கீழே இறக்கும். ஒரே சொடுக்கில் முழுப் பரப்பையும் வழித்துவிட்டால் படம் அழகாக இருக்கும், காசும் சீக்கிரம் வரும். வரப்பைக் காப்பவருக்குப் பாதி நாள் போகும், வருமானம் குறையும். அநியாயம் இது. நாளை அந்த வரைபடத்தை நம்பி வடிகால் வெட்டுவார்கள், வீடு கட்ட அனுமதி கொடுப்பார்கள்.

ஒப்பந்தப்புள்ளி எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கரைக்குக் கோடு இழுக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி என்று ஒரு வரி சேருங்கள். அது அந்தப் பெண்ணின் கைக்கே போய்ச் சேருகிறதா என்றும் பாருங்கள்.