சாவி யாரிடம்?

போன மாதம் ஓய்வு பெற்றேன். துபாய் தேரா அலுவலகத்தில் கேக் வெட்டி முடித்ததும், என் மேசைக்கு வரப்போகும் தம்பி சொன்னான்: "ரூம் போடுறதுதானே அண்ணே, ஆப்ல ஸ்டார் பார்த்து அமுக்கிட்டா முடிஞ்சது." கோல்ஃப் ஆட வருகிறவர்களுக்கு 28 வருஷமாகத் தங்குமிடம் பார்த்துக் கொடுத்தவன் நான். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது.

ஆட்டம் தொடங்கும் நேரம், அதாவது டீ டைம், காலை 6.50 என்றால் ஐந்தரைக்கு வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். ஆறரைக்குக் காலை உணவு திறக்கிற விடுதி எத்தனை நட்சத்திரமானாலும் பயனில்லை. நாலு ஆள், நாலு மட்டைப் பை என்றால் சாதாரண டாக்ஸியில் அடங்காது, முதல் நாளே வேன் சொல்லிவைக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்நாளில் எங்கள் வேனை ஓட்டிய பெஷாவர்க்காரர். நான் சேர்ந்த முதல் ஜனவரியில், ஒரு நாள் விடியுமுன் வந்து கதவைத் தட்டி வேனில் ஏற்றிக்கொண்டார். ஜுமேரா கடற்கரையில் வானம் பளிச்சென்று இருந்தது. பாலைவனப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கே மறைந்துவிட்டது. அப்படி ஒரு மூடுபனி. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இந்தியில் சொன்னார்: "பேட்டா, ஜனவரியில் உள்பக்க மைதானத்தில் ஆடுகிறவனுக்குக் கடலோரத்தில் ரூம் போடாதே. மைதானத்தை ஒட்டிப் போட்டால் பனி விலகும்வரை தூங்குவான். இல்லையென்றால் இங்கே என்னோடு உட்கார்ந்திருப்பான்."

பனி விலகிய பிறகு ஒரு விடுதியின் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். ராத்திரிக் காவலாளியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மட்டைப் பை வைக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? புது விடுதி எது திறந்தாலும் இதையே கேட்டுவிட்டு வருவார். அவர் ஊருக்குப் போன பிறகு நான் போய்க் கேட்டேன்.

போன வருஷம் நான் விடுப்பில் இருந்தபோது, ஸ்காட்லாந்திலிருந்து வந்த நான்கு முதியவர்களுக்குத் தம்பி அறை போட்டான். விடுதி அழகாகத்தான் இருந்தது. ஆனால் விடிகாலையில் பை அறை பூட்டிக் கிடந்தது. சாவிக்காரர் ஏழு மணிக்குத்தான் வேலைக்கு வந்தார். அவர்கள் ஆட இருந்தது எமிரேட்ஸ் கிளப்பின் மஜ்லிஸ் மைதானம். 1988-ல் திறந்தது, மத்தியக் கிழக்கில் முழுக்கப் புல் விரித்த முதல் போட்டி மைதானம். அதுவரை இங்கே மணலில்தான் ஆட்டம். பந்தைக் குழியில் தள்ளுகிற கிரீன்கூட எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான். பந்தை அடிக்கக் கையோடு ஒரு துண்டுச் செயற்கைப் புல்லையும் கொண்டுபோவார்கள். 1989-ல் அங்கே தொடங்கிய டெஸர்ட் கிளாசிக் போட்டியை வருஷா வருஷம் டிவியில் பார்த்துவிட்டு, அதே புல்லில் ஒருமுறை கால்வைக்க வந்தவர்கள் அந்தப் பெரியவர்கள். டீ டைம் போய்விட்டது. மறுநாள் விமானம்.

இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் விடுதியை நேரில் பார்ப்பதே இல்லை. நீச்சல்குளத்தின் படத்தைப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் பதினைந்து நிமிஷம் என்று காட்டினால் நம்பிவிடுகிறார்கள். மஜ்லிஸைச் சுற்றி ஒரு காலத்தில் பெரும்பாலும் மணல்தான். இன்று துபாய் மெரினாவின் கோபுரங்களும் அவற்றின் நெரிசலும். 2022-ல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதும் பழைய வெள்ளிக்கிழமை நெரிசல் கணக்கையெல்லாம் நான் உட்கார்ந்து என் நோட்டில் திருத்தி எழுதினேன். அந்த நோட்டைத் தம்பியிடம் நீட்டியபோது, வாங்கி இழுப்பறையில் போட்டான்.

ஜனவரியில் இங்கே ஆட வருகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் விடுதிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: காலை ஐந்து மணிக்குப் பை அறைச் சாவி யாரிடம் இருக்கும்?