நிறையும் குறையும்



நமது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் விற்பனை விழா நெருங்கி வருகிறது. பயன்படுத்திய பொருட்களுக்கான மேஜைக்கு உங்கள் வீடுகளிலிருந்து பாத்திரங்களும் துணிமணிகளும் வரத் தொடங்கியுள்ளன. இவ்வேளையில், முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சபையில் என்னால் நேர்ந்த ஒரு தவற்றை உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

அங்கும் இத்தகைய விற்பனை நடந்தது. பித்தளைப் பாத்திரங்களைப் புளியிட்டு விளக்கினோம். சேலைகளைக் குவித்துப் போடாமல், தேய்த்துக் கயிற்றில் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்டினோம். குருமனையிலிருந்து எங்கள் பழைய மிக்சியையும் கொண்டுவந்து வைத்தேன். சில நிமிடங்கள் ஓடியதும் அது சூடேறி நின்றுவிடும். ஆறவிட்டு, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். வீட்டில் அதை உதவாத சாமான் என்றே சொல்லிவந்தேன். ஆனால் சீட்டில் என் கையாலேயே, "நல்ல நிலையில் உள்ளது. விலை ரூ. 600" என்று எழுதினேன். ஆராதனை முடிவில் அறிவிப்புச் செய்தபோதும் அதைப் புகழ்ந்து பேசினேன்.

அதை வாங்கியவர், இட்லிக் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயார். இரண்டு வாரம் கழித்து நலம் விசாரித்தபோது, "சட்னி அரைக்கும்போது நின்னு நின்னுதான் ஓடுது ஐயா. கோயில்ல வாங்கினதைக் குறை சொல்லலாமா?" என்றார். அவர் கடிந்துகொள்ளாததே எனக்குப் பெரிய கடிந்துகொள்ளுதலாயிற்று. சபையின் மேஜையில் இருந்ததால் அல்லவா, அவர் ஓட்டிப் பாராமலே பணம் கொடுத்தார்!

வாங்கும்போது பொருளைப் பழித்து, வாங்கிச் சென்றபின் மெச்சிக்கொள்கிறவனைப்பற்றி நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனம் பேசுகிறது. விற்கிறவனாகிய நானோ, வீட்டில் பழித்ததை மேஜையில் மெச்சினேன்.

அன்று மாலையே என் கைப்பணத்திலிருந்து 600 ரூபாயை எடுத்துச் சென்று, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "அன்னைக்கே சொல்லியிருந்தா 200 ரூபாய்க்கு வாங்கி, ரிப்பேர் பண்ணியிருப்பேனே ஐயா" என்றார்.

ஆகவே, இவ்வாண்டு ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு வரிகள் இருக்கட்டும்: நிறை ஒன்று, குறை ஒன்று. கழுவித் துடைத்து, அழகாய் அடுக்கி வையுங்கள். அது வாங்க வருகிறவருக்கு நாம் செய்யும் கனம். ஆனால் சேலையின் கிழிசலை மடிப்புக்குள் மறைக்காதேயுங்கள். மின்சாதனங்களை ஓட்டிக் காட்டியே விலை சொல்லுங்கள். இதனால் சில நூறு ரூபாய் குறையலாம், குறையட்டும். நம்மை நம்பி வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் ஏமாறாதிருப்பதே நமக்கு முக்கியம்.

ஜெபம்: ஆண்டவரே, விற்கும்போதும் வாங்கும்போதும் எங்கள் நாவை உண்மைக்குள் காத்தருளும். ஆமென்.